குருநாதன் பெயர் போட்ட ஜாக்கெட்

சித்திரை வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பைக்கில் வருகிறவர்களைப் பார்த்தால் நாகஜோதிக்குச் சிரிப்புதான் வரும். அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி அவளுடைய சாப்பாட்டுக் கடை இருந்தது. தனுஷ்கோடி போய்த் திரும்பும் பைக்காரர்கள் கும்பலாக வந்து வண்டிகளை வேப்ப மரத்தடியில் நிறுத்துவார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகம் வெந்த இறாலைப்போலச் சிவந்திருக்கும். முதலில் தண்ணீர், அப்புறம் ஃபேன், அதற்கப்புறம்தான் சோறு. 'இந்த வேக்காட்டுல இதை எதுக்குப் போட்டுட்டு அலையுதுக' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இலை போடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் ஐந்தாறு பேர் வந்தார்கள். ஒருவன் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டியிருந்தான். மீன் குழம்பு ஊற்றப் போனவள் கரண்டியை வாளியிலேயே விட்டுவிட்டு நின்றாள். ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கம் இரண்டு சிறகுகள். அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் 'வி. குருநாதன்' என்று இருந்தது.

அது அவள் புருசன் பெயர். பெயர் மட்டுமென்றால் ஊரில் ஆயிரம் குருநாதன் இருப்பான். ஆனால் இடது முழங்கைக் கிழிசலில் பச்சை வலை நூலால் ஓடிய தையல் அவளுடைய கைத்தையல். வலது கையில் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறிய வெள்ளைத் தழும்பை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜாக்கெட்டைப் பிடுங்கினாள். சுத்தம் பண்ண மகன் கொண்டுபோனதை எவனோ திருடி விற்றுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். புதுச் செருப்புக் கடையில் வரும் வாசம் அடித்தது. இது அதில்லை. நிமிர்ந்தால் அடுத்த மேசையில் இன்னொருவன் அதே ஜாக்கெட்டோடு உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். அதே பெயர், அதே பச்சைத் தையல், அதே தழும்பு. ஒரு கடைக்குள் இரண்டு குருநாதன்.

"தம்பி, இது யாரு ஜாக்கெட்டு?"

"என்னோடதுதாம்மா. சென்னையில வாங்குனேன்."

"இதுல இருக்கிற பேரு?"

பையன் உற்சாகமாகிவிட்டான். "அவரு ஏர்ஃபோர்ஸ்காரரும்மா. இந்த ராமநாதபுரம் பக்கம்தானாம். பனிமலையில ஹெலிகாப்டர் விழுந்திருச்சு. அடிபட்ட ரெண்டு பேரைத் தோள்ல தூக்கிட்டு வந்து காப்பாத்திட்டு, கடைசில அவரு அந்தப் பனியிலயே உறைஞ்சு செத்துட்டாரு. அப்போ அவரு போட்டிருந்த ஜாக்கெட்டை அச்சு அசலா செஞ்சு விக்கிறாங்க. கிழிசல்கூட அப்படியே இருக்கும். இந்த வெள்ளை இருக்கு பாருங்க, பனி பட்டு வெந்த தழும்பு."

"இதெல்லாம் யாரு சொன்னா?"

"அவரோட மகனே வீடியோவுல சொல்றாரும்மா." கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினான்.

போனுக்குள் அவள் மகன் வேல்ராஜ் உட்கார்ந்திருந்தான். தாடியெல்லாம் ஒழுங்கு செய்து, அப்பன் ஜாக்கெட்டை மடியில் போட்டு, தொண்டை கம்மப் பேசிக்கொண்டிருந்தான்.

நாகஜோதிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. பையன் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தான். "உக்காரு. நீ சாப்பிடு. உன் மேல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

குருநாதன் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஹெலிகாப்டரில் ஏறியதில்லை. தேவிபட்டினத்துக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் மிளகாய் போட்டு நொந்த குடும்பம். மழை இல்லாத ஒரு வருசம் விமானப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். விமானிகளின் உடைகளையும் பாராசூட்டுகளையும் பராமரிக்கிற பிரிவில் போட்டார்கள். பாராசூட்டை மடிப்பது, ஜிப் மாற்றுவது, குளிர் ஜாக்கெட்டுகளில் பூச்சி அரிக்காமல் பார்ப்பது என்றே சர்வீஸ் முழுவதும் போனது. அவர் மடித்த பாராசூட்டை நம்பி எத்தனையோ பேர் மேலே போனார்கள். அவர் கீழே நின்றார்.

ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ரொம்பப் பழைய ஜாக்கெட் ஒன்று, வெளியே முரட்டு ஆட்டுத்தோலும் உள்ளே அடர்ந்த ரோமமும் வைத்தது, முழங்கை கிழிந்து இனி ஆகாது என்று கழித்துப் போட்டது. அதிகாரியிடம் கேட்டு வாங்கி, சிறகும் பெயரும் தைத்து, அவருக்கு மாட்டிவிட்டு, 'குருநாதன் இன்றைக்காவது பறக்கட்டும்' என்று சிரித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். தன்னைக் கிண்டல் செய்து போட்ட ஜாக்கெட் என்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோசம்.

ஊருக்கு வந்ததும் மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கும் குளிர் அறை அங்கே உண்டு. வெளியே மண் கொதிக்கும். உள்ளே போனால் மூச்சு புகையாக வரும். மற்றவர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடி, விறைத்துப்போய் வெளியே ஓடி வருவார்கள். குருநாதன் பறக்கும் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார். முழங்கைக் கிழிசலில் குளிர் ஏறுகிறது என்றதும், ஒரு விடிகாலையில் நாகஜோதி வலை நூலை வாங்கி ஊசி வளைய வளையத் தைத்துக் கொடுத்தாள். கம்பெனியில் அது அவருக்கு மட்டுமான ஜாக்கெட்டாக இருக்கவில்லை. யார் குளிர் அறைக்குள் போகிற முறையோ, அவன் அதை மாட்டிக்கொள்வான். மீன்பிடித் தடைக்காலத்தில் சுமை தூக்க வரும் பாம்பன் இன்னாசியும் அதைப் போட்டிருக்கிறார்.

அறையைக் குளிரவைக்கும் அமோனியாக் குழாயில் ஒரு வால்வு கசிந்துகொண்டிருந்தது. குருநாதன் மேனேஜரிடம் பலமுறை சொன்னார். கேஸ் கசிந்தால் போட வேண்டிய மாஸ்க்குகளை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சோதனைக்கு யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக. குழாய் வெடித்த அன்று எல்லோரும் வெளியே ஓட, இன்னாசியும் இன்னொருவரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஜாக்கெட்டின் காலரை மூக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குருநாதன் உள்ளே போனார். இருவரையும் வெளியே தள்ளிவிட்டு, வால்வை மூடத் திரும்பப் போனார். பீறிட்டு வந்த அமோனியா வலது கையில் அடித்தது. மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போய்விட்டது.

கம்பெனிக்காரர்கள், ஊழியர் அஜாக்கிரதையாக வால்வைத் திருகியதால் விபத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். பேப்பரில் நாலு வரி வந்தது. 'ஊழியர் ஒருவர் பலி.' அதில் பெயர்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்த ஜாக்கெட்டைப் பிரித்தபோது கண்ணில் நீர் வடிந்தது. அது அழுகையா அமோனியாவா என்று நாகஜோதிக்கே தெரியவில்லை. வேல்ராஜ் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான்.

சாகும்போது இல்லாத பெயரை இன்று கண்டவன் நெஞ்சிலும் தைத்து விற்கிறார்கள்.

மகனுக்குப் போன் போட்டாள்.

"ஏலே, அய்யா ஜாக்கெட்டு எங்கன இருக்கு?"

"அதாம்மா, உப்புக்காத்துல பூஞ்சை பிடிச்சிருக்கு, சுத்தம் பண்ணக் குடுத்திருக்கேன்னு சொன்னேன்ல…"

"உங்கய்யா எங்கன செத்தாரு?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கேக்கிறேன்ல? எங்கனடா செத்தாரு?"

"அம்மா, நான் நேர்ல வந்து சொல்றேன்."

"வா. அந்தக் கடைக்காரனையும் கூட்டிக்கிட்டு வா. நீ வரலைன்னா நான் அங்க வாரேன். வந்தேன்னா உனக்குத்தான் அசிங்கம்."

அவர்கள் எப்படியும் வருவதாகத்தான் இருந்தார்கள். தனுஷ்கோடியில் படம் பிடிப்பதற்காக வேன் நிறைய ஜாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு, மறு வாரம் காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடை அடங்கியபோது வந்து இறங்கினார்கள். சென்னைக் கடைக்காரன் பெயர் முத்துகிருஷ்ணன். தன்னைக் 'கிரிஷ்' என்று சொல்லிக்கொண்டான். வேல்ராஜ் வேலை பார்க்கும் விளம்பரக் கம்பெனியில் பழக்கமானவனாம். அவன் மட்டும் மெல்லிசான பருத்திச் சட்டை போட்டிருந்தான்.

"ஆன்ட்டி, உங்களைப் பத்தி வேல் நிறையச் சொல்லியிருக்கான்."

"என்னத்தைச் சொன்னான்? நானும் பனியில செத்துட்டேன்னா?"

வேல்ராஜ் ஒரு துணி உறையைப் பிரித்து அசல் ஜாக்கெட்டை மேசைமேல் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. வேனிலிருந்து நகல் ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். கிரிஷ் ஆசையாக எடுத்துவந்தான்.

"போடு" என்றாள்.

"ஆன்ட்டி?"

"மாட்டு. ஜிப்பை மேல வரைக்கும் இழு. இழுத்துட்டு இந்த அடுப்புக்கிட்ட வந்து நில்லு. இவன் பேச்சை நீ நின்னு கேளு."

அவள் குரலைக் கேட்டு அவன் மாட்டிக்கொண்டான். கழுத்தில் வேர்வை கோடு போட்டது.

"இப்பச் சொல்லுடா. பனிக்கதையை யாரு கட்டுனது?"

வேல்ராஜ் தரையைப் பார்த்தான். "நான்தாம்மா. காலேஜ்ல முத நாளு எல்லாரும் அப்பா என்னன்னு கேட்டாங்க. ஏர்ஃபோர்ஸ்னு சொன்னேன். எப்படிச் செத்தாருன்னு கேட்டாங்க. ஐஸ் கம்பெனியில பெட்டி அடுக்கும்போது செத்தாருன்னு சொல்ல வாய் வரலை. பனின்னுட்டேன். அன்னையில இருந்து அதையேதான் சொல்லிக்கிட்டு வாரேன்."

"பெட்டி அடுக்குனா கேவலமா?"

"இல்லம்மா…"

"பின்ன என்னடா? கேவலம்னுதானே மாத்துன? உங்கய்யாவைத் தூக்கி வேற எவனோ ஒருத்தனை அவரு இடத்துல உக்கார வச்சிட்டியேடா! அவங்க அஜாக்கிரதைன்னு எழுதி ஒரு தடவை கொன்னாங்க. நீ ஹீரோன்னு சொல்லி இன்னொரு தடவை கொன்னுருக்க."

கிரிஷ் சமாதானத்துக்கு வந்தான். "ஆன்ட்டி, நாங்க மரியாதையாத்தான் பண்ணியிருக்கோம். ஒவ்வொரு தையலும் அப்படியே காப்பி. இந்தப் பச்சை நூலுக்குன்னே தனியா ஆள் வச்சோம். இவ்வளவு கோணலா தைக்க அவங்களுக்கு வரவே மாட்டேங்குது. தழும்புக்கு ஒரு கெமிக்கலை பிரஷ்ஷால தடவி…"

"கோணலா?" நாகஜோதி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "விடிஞ்சா அவருக்கு வேலை. ஒரு கையால இடுப்புல பிள்ளை மாதிரி இதை இடுக்கிக்கிட்டு, ஊசி குத்திக் குத்தி விரல்ல ரத்தம் வரத் தைச்சேன். அதான் கோணல். அந்தக் கோணலை நீ விக்கிறியா?"

அதற்குள் இன்னாசி வந்துவிட்டார். அவள்தான் ஆள் அனுப்பியிருந்தாள். நடந்து வந்த இளைப்பில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அன்றையிலிருந்து அவருக்கு நுரையீரல் பாதிதான். கடலுக்குப் போவது நின்றுபோய், கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். கிரிஷ் போட்டிருந்த ஜாக்கெட்டின் வலது கையைத் தூக்கி அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்தார்.

"இது பனியில்ல தம்பி. அமோனியா. என்னைப் பிடிச்சு வெளியில தள்ளுன கை இது. நான் விழுந்து கிடந்து திரும்பிப் பாக்கும்போது இந்தக் கையிலதான் பீச்சி அடிச்சது. அவரு கத்தக்கூட இல்ல. வாயைத் திறந்தா உள்ள போயிரும்ல."

கிரிஷுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, நாகஜோதி அதைப் பார்த்தாள். இனி இவன் ஒரு மன்னிப்புக் கேட்பான், போகச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேல்ராஜ் பக்கம் திரும்பினான்.

"ஏன்டா இதை முதல்லயே சொல்லலை? பனியைவிட இது பெரிய ஸ்டோரிடா. இந்த அண்ணனையே வச்சு ஒரு வீடியோ எடுத்துருவோம். அடுத்த பேட்ச்ல…"

அவன் முடிக்கவில்லை. நாகஜோதி மீன் துடுப்பு வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டாள்.

வேனின் பின்கதவு திறந்தே இருந்தது. உள்ளே கம்பியில் வரிசையாகத் தொங்கின. முதல் ஜாக்கெட்டின் நெஞ்சைப் பிடித்துப் பெயர்ப் பட்டையின் ஓரத்தில் கத்தரியைக் கொடுத்தாள். தையல் தெறித்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"ஆன்ட்டி! ஐயோ, எல்லாம் ஆர்டர் பீஸ்!" என்று கத்திக்கொண்டு கிரிஷ் ஓடிவந்தான். வேல்ராஜ் குறுக்கே வந்து நின்றான். கைகளை விரித்துக்கூடத் தடுக்கவில்லை. கிரிஷ் இடது பக்கம் போனால் இடது பக்கம் நகர்ந்தான். வலது பக்கம் போனால் வலது பக்கம் நகர்ந்தான். டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸோடு ரோட்டோரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியாக கிரிஷ் உடம்பில் இருந்ததிலும் வெட்டினாள். அவன் மூச்சுவிடாமல் நின்றான். பட்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் கொட்டினாள். கருகின ரெக்ஸின் நாற்றம் கடையெங்கும் பரவியது.

போலீசுக்குப் போவேன் என்று கிரிஷ் சொன்னான். "போ. போய் எல்லாத்தையும் சொல்லு. அங்கயாவது என் புருசன் எப்படிச் செத்தாருன்னு எழுதட்டும்" என்றாள். அவன் போகவில்லை. வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பிறகு குருநாதன் பெயரை எடுத்துவிட்டு, எந்த ஊரிலும் இல்லாத ஒரு பெயரைப் போட்டு அதே ஜாக்கெட்டை விற்கிறான் என்று கேள்விப்பட்டாள். தழும்பை விடவில்லை. அது இன்னமும் பனித் தழும்புதான்.

வேன் போனதும் கத்தரியைக் கழுவித் துடைத்து வைத்தாள். இன்னாசி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. இந்தப் பய சட்டை விக்கிறவன். இவன்கிட்ட போட்ட சத்தத்தை நாம அந்தக் கம்பெனி வாசல்ல ஒரு நாளாவது போட்டோமா?"

அவரை முறைத்தாள். அப்புறம் மேசைமேல் கிடந்த அசல் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். சேலைமேல் அது தொடைவரைக்கும் தொங்கியது. "கடையைப் பாத்துக்க" என்று மகனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். இன்னாசியும் பின்னாலேயே ஏறினார்.

பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "குளிர் காய்ச்சலாக்கா?" என்றார். "ஆமா, ரொம்ப வருசமா" என்றாள். வேர்வை முதுகில் ஆறாக ஓடியது. கழற்றவில்லை.

கம்பெனி கேட்டுக்கு முன்னால் வந்ததும் இன்னாசி நின்றுவிட்டார். அந்த வாடை பட்டாலே அவருக்கு இருமல் வந்துவிடும். அவள் மட்டும் உள்ளே போனாள். மேனேஜர் புதியவன், முதலாளி மட்டும் பழையவர்.

"யாரும்மா நீங்க?"

"நெஞ்சுல எழுதியிருக்கு. படி."

அவன் படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெயர் அவன் காதில் விழுந்ததே இல்லை. ஆனால் ஐஸ் பாளங்களை இழுத்துக்கொண்டிருந்த வயதான ஒருவர் கொக்கியைப் போட்டுவிட்டு வந்தார். "குருநாதண்ணன் ஜாக்கெட்டு! நான் போட்டிருக்கேன்க்கா இதை" என்றார். ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டுக் கூடினார்கள்.

"மாஸ்க் எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

"எல்லாம் பத்திரமா உள்ள இருக்கும்மா."

"எடு. பாக்கணும்."

பீரோ பூட்டியிருந்தது. சாவி முதலாளி வீட்டில் என்றான் மேனேஜர். நாகஜோதி திரும்பி நின்றவர்களைப் பார்த்தாள். "கேட்டீகளா? கேஸ் வந்தா, அவரு வீட்டுக்குப் போய் சாவி வாங்கிட்டு வந்து அப்புறம் மூச்சு விடுங்க."

யாரோ ஐஸ் உடைக்கும் கடப்பாரையைக் கொண்டுவந்து பூட்டில் கொடுத்து நெம்பினார்கள். உள்ளே மாஸ்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எடுத்தால் ரப்பர் மாவாக உதிர்ந்தது. ஒன்றுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. அவற்றை அள்ளி மேனேஜர் மேசைமேல் வீசினாள். "இவருதான் அஜாக்கிரதையா? இவரு?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். அழுகை வரவில்லை, தொண்டைதான் கிழிந்தது.

அன்று சாயங்காலம் ஒருவரும் குளிர் அறைக்குள் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மீன் லாரி வாசலில் நின்று நாறியது. முதலாளி போனில் கத்தினார், பிறகு இறங்கி வந்தார். புது மாஸ்க்குகள் வந்தன. பூட்டு இல்லாமல், குளிர் அறைக் கதவோரம் ஆணி அடித்து மாட்டினார்கள். வால்வையும் மாற்றினார்கள். அஜாக்கிரதை என்று எழுதியது மட்டும் எழுதியபடியே இருக்கிறது. அதை மாற்றக் கேட்டு அவள் ஏறாத படியில்லை. இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள்.

வேல்ராஜ் பழைய வீடியோவை எடுத்துவிட்டு வேறொன்று போட்டான். அதில் அவன் அழவில்லை. அய்யா எங்கே வேலை பார்த்தார், எப்படிச் செத்தார் என்று மட்டும் சொன்னானாம். அதிகம் பேர் பார்க்கவில்லை என்றார்கள். நாகஜோதி பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டியா என்று கேட்பாள். அவனாகப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனால், கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிடுவாள்.

இப்போதும் மாதத்தில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு மண்டபத்துக்குப் போகிறாள். அவளைக் கண்டதும் மேனேஜர் டீ வாங்கிவரச் சொல்வான். அவள் அதைத் தொடமாட்டாள். கதவோரம் தொங்கும் மாஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன் முகத்திலேயே மாட்டி, இழுத்து மூச்சு விட்டுப் பார்ப்பாள். போன தடவை, வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்க்கா, உங்களுக்கு வேற வேலையில்லையா?"

நாகஜோதி முகத்திலிருந்ததைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல வாரு தளந்திருக்கு. சைடுல காத்து ஏறுது. மாத்தச் சொல்லு. அடுத்த தடவை நான் வரும்போது மாத்தியிருக்கணும்."

சொல்லிவிட்டு, ஆறிக்கொண்டிருந்த டீயைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.